குடும்பத்தோடு கடலில் வாழ ஒரு பழைய கற்றமரான்: எதைப் பார்த்து வாங்குவது?

ஒரே கிழமையில் அக்காவும் அக்காவின் மகனும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மருமகன் சொன்னது: "மாமா, ஒரு கற்றமரான் பார்த்து வைச்சிருக்கிறன். வந்து ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ." அக்கா சொன்னது: "தம்பி, என்ன படகெண்டாலும் பழுது எண்டு சொல்லிவிடு."

பிரான்சின் மேற்குக் கரையில், லா றொஷெல் நகரை அண்டிய படகுத் தளங்களில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பைபர் வேலை செய்கிறேன். அதனால்தான் இருவரும் என்னிடம் வந்தார்கள். மருமகன் பாரிஸில் கணினித் துறையில் வேலை செய்கிறார். மனைவியும் ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகளும். மூன்று வருடம் வேலையை விட்டுவிட்டு, படகிலேயே குடியிருந்து, கனேரித் தீவுகள் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து கரீபியன் போவது அவர்களின் திட்டம். நான்கு வருடமாகப் பாய்ப்படகுப் பள்ளியில் பயிற்சி எடுத்திருந்தார்கள். கையில் இருந்தது 180,000 யூரோ.

அக்காவின் கதையை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஊர் வடமராட்சிக் கரையோரம். 1980களின் நடுவில் இருந்து கடல் எங்களுக்குத் திறந்தும் மூடியும் கிடந்தது. மூடிய நாட்களே அதிகம். 1993 இல் ஒரு வைகாசி இரவு வலைக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. மருமகனுக்கு அப்போது நான்கு வயது. அந்தப் பிள்ளைதான் இப்போது தன் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகப்போகிறேன் என்று நிற்கிறது.

"இதெல்லாம் எங்கடை ஆக்களுக்கு ஏன்?" என்று வாசிப்பவர்களில் சிலர் கேட்கக்கூடும். கற்றமரான் என்ற சொல்லே எங்கள் கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் கட்டுமரங்களைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697 இல் வெளிவந்த தன் நூலில் அந்தப் பெயரை எழுதினார். பெயர் எங்களுடையது என்றாலும் இன்றைய படகின் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. எங்கள் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே தெப்பம். இது இரண்டு உடல்களை நடுவில் ஒரு தளத்தால் இணைத்தது. 1955–56 இல் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் தானே கட்டிய இருபத்து மூன்றரை அடி இரட்டை உடற் படகில் அத்திலாந்திக்கைக் கடந்து காட்டிய பிறகுதான் ஐரோப்பாவில் பலர் இதை நம்பத் தொடங்கினார்கள். பழைய படகு வாங்கும் கதையிலும் எங்களுக்கு ஒரு பங்கு உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அது 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

முதற் படகுக்கு வருவோம். 38 அடி, நான்கு படுக்கை அறைகள், நான்கு கழிப்பறைகள், வெள்ளை வெளேர் என்ற படங்கள். மருமகனின் பிள்ளைகள் அறைகளைப் பங்கு போட்டும் விட்டார்கள். படத்தைப் பார்த்ததும் அது வாடகைப் படகாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, ஐந்தாறு வருடத்தில் கம்பனிகள் விற்றுவிடும் படகுகள் சந்தையில் ஏராளம். விலை குறைவு. ஒழுங்காக எண்ணெய் மாற்றியிருப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் கிழமைக்கு ஒரு புதுக் கப்டன். பாறையில் முட்டியதை எல்லாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு மின் ஏற்றவே இயந்திரத்தை ஓடவிடுவதால், ஓடிய மணித்தியாலங்களும் அதிகம். கரீபியனில் இருந்த படகு என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும்: 2017 செப்ரெம்பரில் இர்மா புயல் அடித்தபோது அது எங்கே நின்றது? அந்தப் புயலில் சேதமாகித் திருத்தி விற்கப்பட்ட படகுகள் இன்னும் சுற்றுகின்றன.

நான் அதை வேண்டாம் என்றதற்கு முதற் காரணம் இவை அல்ல. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு கழிப்பறை என்றால் நான்கு பம்பி, நான்கு மடங்கு குழாய், உடலில் நான்கு மடங்கு ஓட்டை. ஒரு பக்க உடல் முழுவதையும் பெற்றோருக்கும் சாமான்களுக்கும் ஒதுக்கிய மூன்று அறைப் படகுதான் குடும்பத்துக்குப் பொருத்தம். விலை கொஞ்சம் கூடும். விற்கும்போது அது திரும்பி வரும்.

பாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வாங்கப் போகிறவர்கள் மெத்தையைப் பார்க்கிறார்கள், அடுப்பைப் பார்க்கிறார்கள், பாரத்தைப் பார்ப்பதில்லை. ஒற்றை உடல் பாய்ப்படகுக்கு அடியில் ஈயமோ இரும்போ கனத்து நிற்கும். கற்றமரானுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதன் பலமே மெலிந்த இரண்டு உடல்களும் குறைந்த எடையும்தான். பாரம் கூடினால் வேகம் போகும். அதைவிட மோசமானது, நடுத்தளம் தண்ணீரை நோக்கி இறங்குவது. அலை ஒவ்வொன்றும் அடியில் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கும். இரவு முழுக்க ஒருவரும் நித்திரை கொள்ள முடியாது.

மருமகனோடு சமையலறை மேசையில் இருந்து கணக்குப் போட்டோம். 300 லீற்றர் தண்ணீர் 300 கிலோ. 200 லீற்றர் டீசல் ஏறத்தாழ 170 கிலோ. 60 மீற்றர் நங்கூரச் சங்கிலி, 10 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 135 கிலோ. சின்னப் படகும் அதன் எஞ்சினும் 110. பற்றரிகள் 120. நான்கு பேரின் உடம்பு 200. சாப்பாடு, ஆயுதப் பெட்டி, உதிரிப்பாகம், பிள்ளைகளின் புத்தகம், அரிசி மூட்டை எல்லாம் அரைத் தொன். கூட்டிப் பார்த்தால் ஒன்றரைத் தொன்னைத் தாண்டியது. படகின் வெற்று எடையும் ஏற்றக்கூடிய உச்ச எடையும் கட்டியவர்களின் பத்திரத்தில் இருக்கும். வித்தியாசத்தில் இருந்து முந்திய சொந்தக்காரர் பூட்டிவைத்த மின்பிறப்பாக்கி, குளிரூட்டி போன்றவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். நடுத்தளத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை அளவு நாடாவால் நீங்களே அளவுங்கள். 12 மீற்றர் படகில், பாரம் ஏற்றிய நிலையில் 60 சென்ரிமீற்றருக்குக் குறைவென்றால் எனக்கு அது வேண்டாம்.

"கவிழுமோ?" என்று அக்கா கேட்டார். பொய் சொல்ல விரும்பவில்லை. ஒற்றை உடல் படகு சரிந்தால் அடிக்கனம் அதை நிமிர்த்தும். ஓட்டை விழுந்தால் அதே கனம் அதைத் தாழ்க்கும். கற்றமரான் கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஆனால் கவிழ்ந்த நிலையிலும் பொதுவாக மிதக்கும். பல படகுகளில் அப்படி ஒரு நிலையில் வெளியேற உடலில் ஒரு கதவே வைத்திருக்கிறார்கள். அது அதிகம் சரிவதில்லை என்பதால் காற்றுக் கூடியதை உடம்பு உணராது. ஆகவே எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு பாயைச் சுருக்குவது என்று அட்டவணை இருக்கும். அதை மதிக்க வேண்டும். சோளகம் எழும்ப முதலே பாயை இறக்கும் எங்கள் ஊர்ச் சம்மாட்டிமாருக்கு அட்டவணை இல்லாமலே அது தெரிந்திருந்தது.

இரண்டாவது படகில்தான் சண்டை வந்தது. அழகான படகு, ஒரே சொந்தக்காரர், மூன்று அறை. மருமகன் தரகரிடம் விலை பேசியும் முடித்துவிட்டார். நான் ஒரு பிளாஸ்ரிக் சுத்தியலோடு மேல்தளத்தில் முழங்காலில் இருந்து தட்டத் தொடங்கினேன். இந்தப் படகுகளின் மேல்தளம் இரண்டு பைபர் தகடுகளுக்கு நடுவே பல்சா மரமோ நுரையோ வைத்துச் செய்தது. நல்ல இடத்தில் தட்டினால் 'டக்' என்று கூர்மையான சத்தம் வரும். நடு மரம் ஊறி உக்கியிருந்தால் ஈரச் சாக்கில் அடித்ததுபோல் இருக்கும். ஆணி, கம்பி, வளையம் பூட்டிய இடங்களைச் சுற்றித்தான் தண்ணீர் முதலில் இறங்கும். பாய்மரத்தின் அடியிலிருந்து இடது பக்கம் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் செத்த சத்தம் கொடுத்தது. உள்ளே போய்ப் பார்த்தால், குறுக்குச் சுவர் உடலோடு ஒட்டும் இடத்தில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு.

ஊரில் பழைய பைபர் படகு வாங்குவோருக்கும் இதே வித்தைதான். 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகச் செய்து கொடுத்த படகுகள் பலவற்றில், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருந்த மரம் சில வருடத்திலேயே உக்கியது. புதுப் பெயின்ற் அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

வேண்டாம் என்று சொன்னேன். மருமகனின் முகம் மாறியது. "அம்மா சொல்லித்தானே மாமா பழுது எண்டு சொல்லுறியள்?"

அந்தக் கேள்வி எனக்குச் சுட்டது. ஆனால் அதில் நியாயம் இருந்தது. என் கண்ணை நானே நம்பலாமா? அந்தப் பிள்ளைகளைக் கரையில் வைத்திருக்க எனக்கும் விருப்பம் இருந்தது. அன்றுதான் சுயாதீனப் பரிசோதகர் ஒருவரை, மருமகனே தேடி, மருமகனே பணம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். தரகர் சொல்லும் ஆள் வேண்டாம். நான் சொல்லும் ஆளும் வேண்டாம். வாங்கினாலும் விட்டாலும் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவர் வேண்டும். படகைத் தண்ணீரில் இருந்து தூக்கி அவர் முழுநாள் பார்த்தார். ஈரமானியின் இலக்கங்கள் என் சுத்தியல் சொன்னதையே சொல்லின. வெடிப்பு நான் நினைத்ததைவிட நீளம். பரிசோதனைக்கு உட்பட்டே வாங்குவேன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் முற்பணம் திரும்பி வந்தது. அந்த ஒரு வரி இல்லாமல் எவரும் கையெழுத்து வைக்கக்கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிவடங்களைப் பத்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்பதே காப்புறுதிக்காரரின் பொதுவான எதிர்பார்ப்பு. மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு கேளுங்கள், வாய்ச்சொல் காணாது. இயந்திரத்தில் இருந்து உடலூடாக இறங்கும் காலின் றப்பர் வளையத்தை ஏழு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது வொல்வோ பென்ரா. அது கிழிந்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும். 1998 நடுப்பகுதிக்குப் பின் ஐரோப்பாவில் விற்ற படகென்றால் சமுத்திரத்துக்கான 'ஏ' வகைச் சான்று இருக்க வேண்டும். வற் வரி கட்டிய பத்திரம் இல்லாவிட்டால் பிரான்சில் 20 வீதம் உங்கள் தலையில் விழலாம். அகலம் ஆறரை மீற்றர் என்பதால் துறைமுக இடத்துக்குக் கூடுதல் வாடகை. தூக்கும் யந்திரமும் எல்லா இடத்திலும் இல்லை. செய்மதி அபாயக் கருவியைப் புதுச் சொந்தக்காரரின் பெயருக்கு மாற்றிப் பதிய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது படகைப் பார்க்க நான் போகவில்லை. பரிசோதகரும் மருமகனும் அவர் மனைவியும் போனார்கள். பதினெட்டு வயதுப் படகு, மூன்று அறை, உள்ளே மரவேலை மங்கிப்போனது, மெத்தைகள் கிழிசல். உடல் உலர்ந்து உறுதியாக இருந்தது. 138,000 யூரோவுக்கு முடிந்தது. மிச்சத்தில் கம்பிவடம், ஒரு பாய், றப்பர் வளையங்கள், உயிர்காப்புத் தெப்பத்தின் சேவை எல்லாம் அடங்கியது. கையில் உள்ள முழுவதையும் படகுக்கே கொடுத்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது.

முதற் கோடையைப் பிரான்ஸ், ஸ்பெயின் கரையோரமாகவே கழிப்பது என்று மருமகனே முடிவெடுத்தார். கனேரியில் இருந்து கடப்பது அடுத்த வருடம் நவம்பர் கடைசியில், புயற்காலம் முடிந்த பிறகு. ஏறத்தாழ 2,700 கடல் மைல், மூன்று கிழமை.

அக்கா அந்த மூன்று வருடமும் என்னோடு இருப்பார். படகைக் காட்டத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனோம். ஏறவில்லை. கரையில் நின்று முன்பக்கத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு மகனிடம் கேட்டார்:

"சங்கிலி எத்தினை பாகம்?"

"முப்பத்து மூண்டு பாகம், அம்மா."

"காணாது. இன்னும் பத்துப் பாகம் கயிறு போடு."

போட்டிருக்கிறார்.