மூட்டை கட்டும் குருவிகள்

காஷ்மீர், இமாசலத்து பைன் காடுகளில் ஏப்ரல் வாக்கில் போய் இறங்கும் கதிர்க்குருவிகள் அங்கே வசந்த வரவு. மார்ச் வரை அவற்றில் சில நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே போடி பக்கம் இந்தப் பருவத்தில் நமக்கு வழியனுப்பும் வேலை.

பொட்டிபுரத்தில் தொடங்கலாம். நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்ததிலிருந்து ஊரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அம்பரப்பர் மலையடியில் உள்ள முள்காட்டைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழை மறைவுப் பக்கம். மார்ச்சிலேயே காய்ந்து கிடக்கும். புதருக்குள் இரண்டு கூழாங்கல்லைத் தட்டியதுபோல ‘சக்... சக்...’ என்று கேட்டால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. ஆள் லேசில் வெளியே வராது. சத்தத்தை வைத்தே குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடிகாலையிலேயே ஏறிவிடும். அதன்பிறகு போவது உத்தமம். பிந்திய ஜீப் ஒன்று வேகத்தைக் குறைத்தது.

“என்னண்ணே, யானையா?”

“இல்லப்பா, குருவி.”

சிரித்துவிட்டுப் போனார். பாறையில் நீர் கசியும் இடத்தில் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஆட்டியபடி நடந்துகொண்டிருந்தது. சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு. குளிர்காலத்தில் வெளுத்திருந்த தொண்டையில் இப்போது கறுப்பு திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. சேவல், கல்யாணக்கோலத்துக்குத் தயாராகிறது.

ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். அதற்காகத் தோட்டங்களில் காட்டு மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பச்சைக் கதிர்க்குருவிக்கு அதுவே பிழைப்பு. எடை எட்டு கிராம் அளவுதான். ஆனால் குளிர்காலம் முழுக்கத் தனக்கென்று சில மரங்களை வளைத்துக்கொண்டு, குரல் கொடுத்தே பிறரை விரட்டும். கிளம்பும் நாள் நெருங்கும்போது அந்த ஒற்றைக் குரல் பாட்டாக நீள ஆரம்பிக்கும். உச்சாணிக் கொம்பிலேயே திரிவதால் பார்ப்பவருக்குக் கழுத்து வலி நிச்சயம்.

பைன் காடு வேண்டுமென்றால் கொடைக்கானல் இருக்கிறதே என்பீர்கள். அது நட்டு வளர்த்த காடு. படம் எடுக்க அழகு; தரையெல்லாம் ஊசியிலை மெத்தை, அடியில் புதர் குறைவு. குருவி பார்க்க நான் ஏலத்தோட்டத்துக்கே ஓட்டுப்போடுவேன். வேடிக்கை என்னவென்றால், வடமேற்கு இமயத்தின் ஊசியிலைக் காடுகளில் கூடு கட்டும் டைட்லர் இலைக் கதிர்க்குருவி, நீண்டு மெலிந்த அலகோடு குளிர்காலத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அகன்ற இலை மரங்களுக்கு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களைக் குரங்கணியில் காட்டுத்தீ பலிகொண்டது இதே போடி மலையில்தான். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுப்பாதையில் இறங்காதீர்கள். ரோட்டோரமே போதும்.

மெட்டில் டீ குடித்துவிட்டுக் கேரளப் பக்கம் இறங்கினால் சாந்தன்பாறை. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைக் கணக்கெடுப்புக்காக 1933-ல் சாலிம் அலி வந்த ஊர். அடுத்த வாரம் அங்கே போவோம்.