கோப்பைக்கும் கோப்பைக்கும் நடுவே எட்டு ஆண்டுகள்

டென்னிஸ் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கும் மார்டோன் ஃபுச்சோவிச் என்ற பெயர் அநேகமாக ஒரே வாக்கியத்தில்தான் அறிமுகமாகியிருக்கும்: 2021 விம்பிள்டன் காலிறுதியில் ஜோகோவிச் அவரை 6-3, 6-4, 6-4 என்ற நேர் செட்களில் வென்றார். வென்றவரின் படம் மேலே இருக்கும். தோற்றவரின் பெயர் இரண்டாம் பத்தியோடு நின்றுவிடும். அந்த இரண்டாம் பத்திக்காரரைப் பற்றி எழுத வேண்டும் என்பது எனது நெடுநாள் எண்ணம். தொழில்முறை டென்னிஸ் உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை உச்சியில் இருக்கும் நால்வரைக் காட்டிலும் இவருடைய வாழ்க்கை தெளிவாகச் சொல்கிறது.

ஃபுச்சோவிச் 1992 பிப்ரவரியில் ஹங்கேரியின் வடகிழக்கு நகரமான நீரெட்ஹாசாவில் பிறந்தவர். (ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்தே எழுதுவார்கள், ஊரில் அவர் ஃபுச்சோவிச் மார்டோன்தான்.) 2010இல், பதினெட்டு வயதில், விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் கோப்பையை வென்றார், இளையோர் தரவரிசையின் முதலிடத்தையும் பிடித்தார். 1998இல் ரோஜர் ஃபெடரர் வென்றதும் அதே இளையோர் கோப்பையைத்தான். எனவே ஹங்கேரியில் எதிர்பார்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் ஆடவர் சுற்றில் அவருடைய முதல் கோப்பை 2018 மே மாதத்தில்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 26.

எட்டு ஆண்டுகள் என்ன ஆயின? சோம்பல், காயம், திறமைக் குறைவு என்று எளிதாக ஒரு விடையைச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த விடைகளில் நம்பிக்கை இல்லை. கணக்கைப் பார்த்தால் போதும்.

இளையோர் தரவரிசையும் ஆடவர் தரவரிசையும் வெவ்வேறு பேரேடுகள். முதல் பேரேட்டில் முதலிடம் வகிப்பவர் இரண்டாவதில் ஏறத்தாழ வெறுங்கையோடுதான் நுழைகிறார். அந்நாளில் தொழில்முறை ஏணியின் அடிப்படி ‘ஃபியூச்சர்ஸ்’ எனப்பட்ட சிறு போட்டிகள். அவற்றில் மிகச் சிறியவற்றுக்கு மொத்தப் பரிசுத்தொகையே 10,000 டாலர். அதை ஒற்றையர் ஆட்டக்காரர்கள் 32 பேரும் இரட்டையர் இணைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கோப்பையை வென்றால் 18 புள்ளிகள். முதல் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. கிராண்ட்ஸ்லாம் சாம்பியனுக்கோ 2,000 புள்ளிகள். அங்கே முதல் சுற்றில் தோற்றவருக்கும் 10 புள்ளிகள்.

அந்நாளில் ஓர் ஆண்டில் ஒருவரது சிறந்த 18 போட்டிகளின் புள்ளிகளே கணக்கில் சேர்ந்தன. ஓர் இளைஞர் பதினெட்டு ஃபியூச்சர்ஸ் போட்டிகளில் ஆடி, ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பதினெட்டுக் கோப்பைகளையும் வென்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 324 புள்ளிகள். முதல் நூறு இடங்களுக்குள் நுழைய அதுவும் போதாது. கிராண்ட்ஸ்லாம் போட்டியின் 128 இடங்களில் 104 இடங்கள் மட்டுமே தரவரிசைப்படி நேரடியாகக் கிடைப்பவை. 16 இடங்கள் தகுதிச் சுற்றில் வெல்வோருக்கு. எஞ்சிய 8 இடங்கள் ‘வைல்ட் கார்டு’ எனப்படும் சிறப்பு அழைப்புக்கு. ஆகவே, சிறு போட்டிகளில் எவ்வளவு வென்றாலும் ஒருநாள் அவற்றை விட்டு ‘சேலஞ்சர்’ என்னும் அடுத்த படிக்குப் போயே ஆக வேண்டும். அந்நாளில் அங்கே வெற்றிக்கு 80 முதல் 125 புள்ளிகள் கிடைத்தன. ஆனால் அங்கே எதிரே நிற்பவர், மேலிருந்து சறுக்கி மீண்டும் ஏறத் துடிக்கும் அனுபவசாலி. இளையோர் கோப்பையைக் கண்டு அவர் மிரள்வதில்லை.

இன்னொரு விதியும் உண்டு, கொடியது அதுதான். ஈட்டிய புள்ளிகள் 52 வாரங்களே உயிரோடிருக்கும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் வென்றதை இந்த ஆண்டும் வெல்லாவிட்டால் கணக்கு குறையும். நின்ற இடத்தில் நிற்கவே ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கான விமானக் கட்டணம், விடுதி வாடகை, பயிற்சியாளர் ஊதியம், மட்டைக்கு நரம்பு கட்டும் செலவு எல்லாம் ஆட்டக்காரரின் பையிலிருந்தே போகும். கால்பந்து வீரருக்குச் சங்கம் சம்பளம் தருகிறது. டென்னிஸ் ஆட்டக்காரர் தமக்குத் தாமே முதலாளி. பெரும்பாலும் நட்டத்தில் நடக்கும் தொழிலுக்கு.

இங்கேதான் பிறந்த நாடு முக்கியமாகிறது. பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளை நடத்துகின்றன. அவற்றின் வருவாயும் சிறப்பு அழைப்புகளும் முதலில் அந்நாட்டு இளைஞர்களுக்கே பயன்படுகின்றன. ஹங்கேரி அத்தகைய நாடு அல்ல. ஃபுச்சோவிச் தொழில்முறை ஆட்டக்காரரான பிறகு ஆடவருக்கான ஏடிபி போட்டி ஒன்று புடாபெஸ்ட்டுக்கு வந்தது 2017இல்தான். மூன்று ஆண்டுகள் நடந்து அதுவும் நின்றுபோயிற்று. ஒரே தகுதியுள்ள இரு இளைஞர்களில் ஒருவருக்குச் சொந்த ஊரில் அழைப்பும் மற்றவருக்கு அயலூரில் தகுதிச் சுற்றும் கிடைக்கும்போது, இருபத்திரண்டு வயதில் அவர்கள் இருக்கும் இடங்களை ஒப்பிட்டுத் திறமையை அளப்பது நியாயமாகாது. 2010 இளையோர் இறுதியில் இவரிடம் தோற்ற பெஞ்சமின் மிட்செல் ஆஸ்திரேலியர். அவர் முதல் நூறு இடங்களை ஒருபோதும் எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாட்டின் வசதி ஏணியைத் தாங்கிப் பிடிக்கும். ஏற வேண்டியது ஆட்டக்காரரே.

ஃபுச்சோவிச்சுக்கு அந்த ஏற்றம் 2017இல் கைகூடியது. ஜூனில் இங்கிலாந்தின் இல்க்லி நகரில் புல்தரைச் சேலஞ்சர் கோப்பையை வென்றார். செப்டம்பரில் புடாபெஸ்ட்டில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டங்களில் ரஷ்யாவை ஹங்கேரி 3-1 என வீழ்த்தியது. தம் இரு ஒற்றையர் ஆட்டங்களிலும் வென்று அந்த வெற்றியின் அச்சாக நின்றவர் அவரே. 1996க்குப் பிறகு முதன்முறையாக ஹங்கேரி உலகப் பிரிவுக்குத் திரும்பியது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் நான்காம் சுற்று. அங்கே ஃபெடரரிடம் தோல்வி. மே மாதத்தில் ஜெனீவாவில் வாவ்ரிங்காவை அவருடைய சொந்த நாட்டிலேயே காலிறுதியில் வென்று, இறுதியில் ஜெர்மனியின் கோயோவ்சிக்கை 6-2, 6-2 என முறியடித்தார்.

ஹங்கேரியர் ஒருவர் ஆடவர் சுற்றில் ஒற்றையர் கோப்பையை வென்று அன்றைக்கு 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1982இல் வென்றவர் பாலாஸ் தாரோட்சி. ஒற்றையரில் 13 கோப்பைகள் வென்று, உலகின் 12ஆம் இடம் வரை உயர்ந்து, 1985இல் சுவிட்சர்லாந்தின் குந்தார்டுடன் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தையும் பெற்றவர் அவர். அவருக்கும் முந்தையவர் யோசெஃப் ஆஸ்போத்: 1947இல் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றவர், கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் வென்ற ஒரே ஹங்கேரிய ஆடவர். மகளிரில் 1958இல் அதே பாரிஸில் ஷூஷா கொர்மோட்சி வென்றார். இந்தப் பெயர்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளே ஒரு சிறு நாட்டின் டென்னிஸ் வரலாறு.

2021 விம்பிள்டனை நான் தொலைக்காட்சியில் தொடர்ந்து பார்த்தேன். முதல் சுற்றில் ஃபுச்சோவிச் வீழ்த்திய பத்தொன்பது வயது இத்தாலியர் யானிக் சின்னர். பின்னாளில் 2025இல் அதே மைதானத்தில் பட்டம் வென்றவர். அடுத்து வெசெலி, ஷ்வார்ட்ஸ்மன். நான்காம் சுற்றில் ஆந்த்ரே ருப்லெவ். அவ்வாண்டு மார்ச்சில், தகுதிச் சுற்றிலிருந்து ஏறி ரோட்டர்டாம் இறுதிவரை வந்த ஃபுச்சோவிச்சை வென்றவர் இதே ருப்லெவ்தான். இம்முறை 1-2 எனப் பின்தங்கியிருந்தவர், நான்காம் செட்டை 6-0 என்று எடுத்து ஐந்தாவதில் முடித்தார். விம்பிள்டன் காலிறுதியில் ஹங்கேரிய ஆடவர் ஒருவர் ஆடியது, 1948இல் ஆஸ்போத் அரையிறுதி வரை சென்றதற்குப் பின் அதுவே முதன்முறை. ஜோகோவிச்சிடம் முதல் செட்டில் 0-5 எனக் கிடந்தபோது இவர் மளமளவென்று சரிந்துவிடுவார் என்றே நினைத்தேன். அடுத்த மூன்று கேம்களையும் அவர் வென்றார். அந்தப் பிடிவாதம்தான் அந்த எட்டு ஆண்டுகளின் ஈட்டம் என்று எனக்குப் பட்டது.

அந்தக் காலிறுதி அவருக்கு 3 லட்சம் பவுண்டும் 360 புள்ளிகளும் தந்தது. அடுத்த ஆண்டு நடந்தது விந்தையானது. உக்ரைன் போரை முன்னிட்டு ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை விம்பிள்டன் நிர்வாகம் தடை செய்தது; அதற்கு எதிர்வினையாக அப்போட்டிக்குத் தரவரிசைப் புள்ளிகள் கிடையாது என்று ஏடிபி அறிவித்தது. பழைய புள்ளிகளோ வழக்கம்போல் காலாவதியாயின. 2021இல் சிறப்பாக ஆடியவர்கள் 2022இல் கோப்பையையே வென்றாலும் இழந்ததை ஈடுகட்ட வழியில்லை. ஜோகோவிச்சுக்கு நேர்ந்த இழப்பு எண்ணிக்கையில் பெரிது. ஆனால் ஆயிரக்கணக்கான புள்ளிகளோடு இருப்பவர் அதைத் தாங்குவார். மொத்தக் கணக்கில் பெரும்பகுதியே 360ஆக இருப்பவருக்கு அது கீழ்ப்படிக்கான வழி. இரு அமைப்புகளின் வழக்கில் தொடர்பில்லாத மூன்றாமவர்கள் தண்டம் கட்டினார்கள். இது அநீதி என்பதே என் கருத்து. ஏடிபியின் முடிவுக்குக் கொள்கை நியாயம் இருந்தபோதிலும்.

நமக்கு இதில் ஓர் ஒப்பீடு கையருகே இருக்கிறது. சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1986இல் அங்கேயே ஆடவர் காலிறுதியில் ஆடினார். அவருடைய உச்சத் தரவரிசை 23. ஃபுச்சோவிச்சின் உச்சம் 31. ரமேஷை நாம் தோற்றவராக நினைவுகூர்வதில்லை. இளையோர் சாம்பியன் என்ற அடைமொழியைச் சுமந்துகொண்டு இந்த உயரங்களை எட்டியவர்கள் மிகச் சிலரே என்பது நமக்குத் தெரியும்.

2019 மார்ச்சில் அந்த 31ஆம் இடத்தைத் தொட்ட பின் ஃபுச்சோவிச் ஏறியும் இறங்கியும் ஆடிக்கொண்டிருக்கிறார். ஜெனீவாவுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து 2024இல் புக்கரெஸ்டில் இரண்டாம் கோப்பை. மூன்றாவது 2025 ஆகஸ்டில், 33 வயதில், அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலம் நகரில். அந்த வெற்றிக்கு 250 புள்ளிகள். 52 வாரங்களில் அவை கணக்கிலிருந்து நீங்கிவிடும். அதற்குள் வேறெங்காவது அவர் அவற்றை ஈட்டியாக வேண்டும்.