வீட்டுப் பசுமைக்குடில்: குளிரிலும் வெயிலிலும்

பசுமைக்குடில் என்பது ஒளி புகும் கூரையாலும் சுவர்களாலும் மூடப்பட்டு, செடிகளுக்கு ஏற்ற வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தரும் அமைப்பு ஆகும். குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்டங்களிலும் இது பரவலாக உள்ளது. திருச்சிராப்பள்ளி போன்ற வெப்பமான ஊர்களில் அதே வடிவம் செடிகளுக்குத் தீங்காகும்.

செயல்படும் முறை

சூரிய ஒளி கண்ணாடி அல்லது பாலித்தீன் வழியே உள்ளே சென்று மண்ணையும் செடிகளையும் சூடாக்குகிறது. அவற்றால் சூடான காற்று மேலெழுந்து வெளியேறாதபடி கூரை தடுக்கிறது. எனவே பகலில் வெளியைவிடக் குடிலின் உள்ளே வெப்பம் மிகுகிறது.

குளிர்ப் பகுதியில்

உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் விழும் உறைபனி இளஞ்செடிகளைக் கருக்கிவிடும். மூங்கில் அல்லது பிவிசி குழாய்ச் சட்டத்தின்மேல், புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் தாளைப் போர்த்தினால் சிறு குடில் அமையும். மெல்லிய தாள் இரவு முழுவதும் வெப்பத்தைப் பிடித்துவைக்காது. ஆகவே நீர் நிரப்பிய கறுப்புப் பீப்பாய்களை உள்ளே வைப்பது உண்டு. பகலில் ஏற்ற வெப்பத்தை நீர் இரவில் மெல்ல வெளிவிடும். பகலில் கதவைத் திறந்து காற்றோட்டம் தராவிட்டால், ஈரம் தேங்கிப் பூஞ்சை நோய் பரவும்.

திருச்சி, ஸ்ரீரங்கத்தில்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள ஸ்ரீரங்கத்தில் உறைபனி இல்லை. ஜனவரி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். கோடைப் பகலில் அது 40 டிகிரியை நெருங்கும். அப்போது மாடியில் முழுதும் மூடிய பாலித்தீன் குடிலில் வைத்த நாற்றுகள் ஒரே பிற்பகலில் கருகக்கூடும்.

இங்கு ஏற்றது நிழல்வலைக் குடில். 50 விழுக்காடு நிழல் தரும் வலை வெயிலைக் குறைக்கும். காற்றையும் உள்ளே விடும். காவிரிக் கரைக் கொடிக்கால்களில் அகத்தி நிழலில் வெற்றிலை வளர்ப்பதன் பயனும் இதுவே.

குடிலும் நிழல்வலையும் சேர்ந்து பயன்படுவதற்குத் திசு வாழை சான்று. ஆய்வகக் குப்பியிலிருந்து எடுத்த கன்றுகள் முதலில் ஈரப்பதம் மிகுந்த குடிலிலும், பின்னர் நிழல்வலையின் கீழும் சில வாரங்கள் பழக்கப்படுத்தப்பட்டே வயலுக்குச் செல்கின்றன. வாழை ஆராய்ச்சிக்கென 1993-இல் நிறுவப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில்தான் உள்ளது.

மாடியில் அமைக்கும்போது

- ஆடிக் காற்றில் சட்டம் பெயராதபடி, அதன் கால்களை மணல் நிரப்பிய வாளிகளில் ஊன்றிக் கட்ட வேண்டும்.
- வடகிழக்குப் பருவமழையில் கூரைக்கு மட்டும் பாலித்தீன் போட்டு, பக்கங்களைத் திறந்துவிட வேண்டும். வலை மட்டும் இருந்தால் மழைத்துளிகள் நாற்றுகளைச் சாய்த்துவிடும்.
- செடிகளின் உயரத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட வேண்டும். பிற்பகலில் உள்ளே வெளியைவிட வெப்பம் மிகுந்தால், காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.