‘பொசிற்றிவ்’ என்றால் நல்ல செய்தியா?

பரிசோதனைச்சாலை தரும் அறிக்கையில் ‘பொசிற்றிவ்’ என்னும் சொல்லைக் கண்டு மகிழ்வோரும் உளர். அஞ்சி நடுங்குவோரும் உளர். அஃது எத்தகைய செய்தி என்பதை அறிய வேண்டுமாயின், அச்சொல்லின் போக்கை நாம் சிறிது ஆராய்தல் நன்று.

‘வைத்தல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையினின்று பிறந்தது இந்த ஆங்கிலப் பெயரடை. ‘உறுதியாக வைக்கப்பட்டது’ என்பதே அதன் அடிப்படைக் கருத்து. சட்ட அறிஞர், இயற்கை நீதியினின்று வேறாக மனிதர் விதித்த சட்டத்தை அதனாற் சுட்டுவர். சாட்சி ஒருவர் ‘ஐ ஆம் பொசிற்றிவ்’ என்றால், ‘எனக்குச் சிறிதும் ஐயமில்லை’ என்று பொருள். கணிதத்திலோ அது பூச்சியத்தினும் பெரிய எண்ணைக் குறிக்கும். 1747 இல் பெஞ்சமின் பிராங்கிளின் அச்சொல்லை மின்னியலுக்கும், 1840 இல் ஜோன் ஹேர்ஷல் புகைப்படக் கலைக்கும் கொண்டுவந்தனர். நன்னம்பிக்கை உடையவரை அச்சொல்லாற் புகழும் வழக்கம், நோர்மன் வின்சன்ற் பீல் 1952 இல் வெளியிட்ட நூலினாற் பெரிதும் பரவிற்று.

இப்புகழ்மொழியை மனத்திற் கொண்டு மருத்துவ அறிக்கையைப் படிப்பதாலேயே மயக்கம் நேர்கிறது. மருத்துவத்தில் அச்சொல் நன்மையையும் கூறாது, தீமையையும் கூறாது. ‘தேடிய பொருள் காணப்பட்டது’ என்று மட்டுமே கூறும். காசநோய்க்குச் சளியைச் சோதித்தபோது அவ்வாறு வந்தால், கிருமி காணப்பட்டது என்பது கருத்து. மகப்பேற்றுக்காக ஏங்கிய இல்லத்திலோ, கர்ப்பப் பரிசோதனையில் அதே சொல் இன்பச் செய்தியாகிறது.

குருதி வகையில் அதன் பொருள் இன்னும் வேறு. 1940 இல் லான்ட்ஸ்டைனரும் வீனரும் அறிவித்த றீசஸ் காரணி குருதியில் இல்லையெனில் ‘நெகற்றிவ்’ என்பர். இது நோயுமன்று, குறையுமன்று. எனினும் நெகற்றிவ் குருதியுள்ள தாய் பொசிற்றிவ் குழந்தையைச் சுமந்தால், தாயின் உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றிப் பின்னர் வரும் குழந்தைக்குத் தீங்கு விளைத்தல் கூடும். உரிய காலத்தில் இடப்படும் ‘அன்ரி-டி’ ஊசி இதனைத் தடுக்கவல்லது. ஆகவே, கர்ப்பிணிகள் தம் குருதி வகையை முன்னரே அறிந்திருத்தல் அவசியமாகும்.

பரிசோதனைகள் சில வேளைகளில் இல்லாததை உண்டெனக் காட்டுதலும் உண்டு. ஆதலின், சொல்லைக் கண்ட அளவில் துள்ளுதலும் வேண்டா, துவளுதலும் வேண்டா. “எதைத் தேடினீர்கள், ஐயா?” என்று வைத்தியரை வினவுவோமாக. அவ்வினாவுக்குரிய விடையே அச்சொல்லுக்குப் பொருள் தரும்.