வெயிலும் நிழலும் வகுத்த நகரம்

ஊரிலிருந்து நம்மைப் பார்க்க வருவோர் சண்டிகரில் இறங்கியதும் பெரும்பாலும் இரண்டு சொற்கள் சொல்வார்கள். "எவ்வளவு மரம்!" என்பது ஒன்று. "எல்லா இடமும் ஒன்றுபோலவே இருக்கிறதே!" என்பது மற்றொன்று. முன்னது பாராட்டு, பின்னது குறை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இது தானாக வளர்ந்த ஊர் அன்று; காகிதத்தில் வரைந்து, பின்பு மண்ணில் எழுப்பிய ஊர்.

வரைந்தவர்கள் எதை எண்ணி வரைந்தார்கள்? எண்ணியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? நாம் ஊருக்கு எடுத்துச் செல்லத்தக்கது என்ன? இவற்றைச் சிறிது ஆராய்வோம். நான் கட்டடக் கலை பயின்றவன் அல்லன்; பௌதிகம் பயில்பவன். ஆகவே அழகைப் பற்றி மிகுதியாகப் பேசாமல், வெயில், நிழல், நீர், காற்று ஆகியவற்றின் கணக்கைக் கொண்டே பேசுவேன்.

நகரம் பிறந்த வகை

1947-ல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. இந்தியப் பகுதிப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. வந்து சேர்ந்த அகதிகளுக்கு வீடும் இல்லை. 1882-ல் லாகூரில் தோன்றிய நம் பல்கலைக்கழகமே அப்படி இடம் பெயர்ந்து வந்ததுதான். சிவாலிக் மலையடிவாரத்தில் புதிய தலைநகர் கட்ட அரசாங்கம் முடிவு செய்தது.

முதல் வரைபடத்தை அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் தயாரித்தார். அவருடன் பணியாற்றிய போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி 1950-ல் விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகே லெ கார்புசியே அழைக்கப்பட்டார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜானரேயும், மாக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ என்னும் ஆங்கிலத் தம்பதியரும் உடன் பணியாற்றினர். 1953 அக்டோபரில் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் நகரைத் திறந்து வைத்தார்.

உலகம் லெ கார்புசியேயைப் போற்றுகிறது. அவர் வகுத்த தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர்நீதிமன்றம் அடங்கிய வளாகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால் அவர் வருவார், போவார். இங்கேயே தங்கி 1965 வரை உழைத்தவர் ஜானரே. நம் வளாகத்தில் தாமரைபோல் நீர்நடுவே நிற்கும் காந்தி பவனம் அவர் கைவண்ணமே. அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தி சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

செக்டர் என்னும் சிற்றூர்

நகரின் அடிப்படை அலகு செக்டர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 மீட்டர் அகலம், 1200 மீட்டர் நீளம். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. நடுவிலிருந்து மூலைவரை கணக்கிட்டால் சுமார் 720 மீட்டர்தான். நடந்தால் பத்து நிமிடம். கடை, பள்ளிக்கூடம், மருந்தகம், பூங்கா ஆகியவற்றைச் செக்டருக்குள்ளேயே வைத்துவிட்டால், அன்றாடத் தேவைக்கு வண்டி ஏற வேண்டியதில்லை. விரைந்து செல்லும் வண்டிகள் செக்டரைச் சுற்றியுள்ள பெருஞ்சாலையோடு நின்றுவிடும். வீட்டு வாசல்கள் அச்சாலையை நோக்கித் திறப்பதில்லை. குழந்தை சாலையைக் கடக்காமலே பள்ளிக்குப் போகலாம் என்பது கருத்து.

சாலைகளையும் ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலை முதல் வகை. செக்டரின் பசுமைப் பகுதி வழியே செல்லும் நடைபாதை ஏழாம் வகை. உடலில் பெருங்குழாயும் நுண்குழாயும் இரத்தத்தைப் பங்கிடுவதுபோல் என்று கொள்ளலாம்.

வெயிலின் கணக்கு

இனி நம் பாடத்துக்கு வருவோம். சண்டிகர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 30.7 பாகையில் உள்ளது. ஜூன் 21-ஆம் நாள் நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 83 பாகை உயரத்தில் நிற்கும். கிட்டத்தட்ட தலைக்கு மேல். டிசம்பர் 22-ல் அதே நேரத்தில் 36 பாகைதான். தெற்குச் சன்னல் ஒன்றின் மேல் இரண்டு அடி நீட்டிய ஒரு கான்கிரீட் பலகையை எண்ணிக்கொள்ளுங்கள். ஜூன் மாத நண்பகலில் அதன் நிழல் பதினைந்து அடிக்குமேல் கீழே விழும். சன்னல் முழுதும் நிழலில் இருக்கும். டிசம்பரிலோ நிழல் ஒன்றரை அடிக்குள் முடிந்துவிடும். மீதிச் சன்னல் வழியே வெயில் அறைக்குள் நுழையும். கோடையில் வேண்டாத வெயில் வெளியே. குளிர்காலத்தில் வேண்டும் வெயில் உள்ளே! எந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை, சிறிதளவு முக்கோணவியல்தான்.

மேற்குச் சுவருக்கு இந்தத் தந்திரம் உதவாது. மாலை வெயில் தாழ்ந்து, நேராக முகத்தில் அடிக்கும். அதற்குச் செங்குத்தான பலகைகள் வேண்டும். தலைமைச் செயலகத்தின் முகப்பில் தேன்கூடு போன்ற கட்டங்களைக் காண்கிறீர்கள் அல்லவா? லெ கார்புசியே அவற்றைப் 'பிரீஸ் சொலேய்' என்றார். வெயிலை உடைப்பது என்று பொருள். உயர்நீதிமன்றத்துக்கு இரண்டு கூரை. மேல் கூரை குடைபோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே காற்று ஓடும். எளிய வீடுகளில் இதே வேலையைச் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் செய்கிறது.

ஆயினும் குறையும் சொல்ல வேண்டும். கான்கிரீட்டும் செங்கல்லும் உஷ்ணத்தைத் தாமதமாகக் கடத்துபவை. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரின் வெளிப்புறத்தில் விழும் வெயில் உட்புறத்துக்கு வர ஆறு ஏழு மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவர் குடித்த வெயிலை, நாம் படுக்கும் நேரத்தில் அறைக்குள் விடும். மாடியறையில் வாடகைக்கு இருக்கும் நண்பர்கள், "இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறதே!" என்று வியப்பது இதனால்தான். என் அறையின் மேற்குச் சன்னலுக்கு வெளியே இரண்டு மூங்கில் தட்டிகளைத் தொங்கவிட்டேன். விசிறியை வேகமாகச் சுழல விடுவதைவிட அதனால் பலன் மிகுதி. உள்ளே திரை போடுவதில் பயன் குறைவு. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே வந்த வெயில் உள்ளேதான் உஷ்ணமாகும். லெ கார்புசியேயின் கான்கிரீட் தடுப்புகளும் பகலெல்லாம் சூடேறி இரவில் அதை வெளியிடுபவையே. மூங்கில் தட்டிக்கு அந்தக் குறை இல்லை.

மரமும் நீரும்

இந்த நகரின் மரங்களுக்காக நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களுள் முதல்வர் எம். எஸ். ரந்தாவா. ஐ.சி.எஸ். அதிகாரி, ஆனால் உள்ளத்தால் தாவரவியல் அறிஞர். எந்தச் சாலைக்கு எந்த மரம், எது எப்போது பூக்கும், எது நிழல் தரும் என்று ஆராய்ந்து நடச் செய்தவர்களுள் முன்னின்றவர் அவர். ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் சரமாகத் தொங்கும் அமல்தாஸ் வேறொன்றுமில்லை, நம் சரக்கொன்றைதான்.

மரம் வெறுங்குடை அன்று. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கிலோகலோரி உஷ்ணம் தேவை. இலைகள் வெளிவிடும் நீர் அந்த உஷ்ணத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நாம் சன்னலில் மாட்டும் கூலரும் இதே விதியால்தான் வேலை செய்கிறது. மே மாதத்தில் காற்று வறண்டிருப்பதால் கூலர் சில்லென்று வீசும். ஜூலையில் மழை வந்து காற்று ஈரமானதும் அது வெறும் சத்தம் போடும்.

நிலத்தின் இயற்கையையும் இவர்கள் மதித்தார்கள். நகரின் ஊடே மண் அரித்து ஓடிய ஓடைப் பள்ளத்தை மேடாக்கி மனை போடாமல், நீண்ட பூங்காவாக்கினார்கள். அதில் ஒரு பகுதிதான் 1967-ல் அமைந்த ரோஜாத் தோட்டம். 1958-ல் சுக்னா ஓடையைத் தடுத்து ஏரி அமைத்தார்கள். மலையிலிருந்து வந்த வண்டல் அந்த ஏரியை ஆண்டுதோறும் தூர்த்தது. பின்னர் மேல்நிலத்தில் காடு வளர்த்தும் சிறு தடுப்பணைகள் கட்டியும் வண்டல் வரவைக் குறைத்தார்கள். ஏரியைக் காக்க வேண்டுமானால் ஏரிக்கு வெளியே உழைக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

ஆனால் பசுமைக்கு விலை உண்டு. நகருக்குத் தேவையான நீரின் பெரும்பகுதி கஜௌலியில் பக்ரா கால்வாயிலிருந்து எடுக்கப்பட்டு, தொலைவிலிருந்து இறைத்துக் கொண்டுவரப்படுகிறது. புல்வெளிகளுக்குச் சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் தரும் ஏற்பாடும் இருக்கிறது. இது நல்ல வழி. குடிநீரைப் புல்லுக்கு ஊற்றுவது எந்த நகருக்கும் தகாது.

வரைபடத்தில் இல்லாதவர்கள்

அரசு ஊழியர்களுக்கு வீடு வகுத்தபோது முதலமைச்சர் முதல் பியூன் வரை பதின்மூன்று தரங்கள் வைத்தார்கள். கடைசித் தரத்து வீட்டுக்கும் இரண்டு அறை, சமையலறை, முற்றம், தனிக் கழிப்பறை உண்டு. 1950-களில் இது சிறிய செயல் அன்று. ஆனால் அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வரைபடத்தில் இடமே இல்லை. கட்டி முடிந்தால் போய்விடுவார்கள் என்று எண்ணினார்கள் போலும்! அவர்கள் போகவில்லை, நகருக்கு அவர்கள் இல்லாமல் முடியவுமில்லை. குடிசைக் காலனிகள் தோன்றின. பெயர்கூட இல்லாமல் எண்ணால் அழைக்கப்பட்ட நான்காம் காலனி 2022-ல் இடிக்கப்பட்டது. தகுதி பெற்றோருக்கு மலோயாவில் அடுக்கு வீடு தந்தார்கள்.

நம் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீட்டு வேலை செய்யும் ஓர் அக்கா இப்போது அங்கே இருக்கிறார். "தம்பி, வீடு நல்ல வீடுதான். மழைக்கு ஒழுகாது. ஆனா வேலை செய்யற வீடு பழைய எடத்துலயே இருக்கே. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போக மிச்சம் என்ன?" என்றார். பத்து நிமிட நடைக்குள் எல்லாம் என்ற கொள்கை, யாருக்கு மிகத் தேவையோ அவருக்கு எட்டவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரமும் நகர அமைப்பின் ஓர் அங்கமே; சுவரும் கூரையும் மட்டும் வீடாகா.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து இலட்சம் பேருக்கு வகுத்த நகரில் 2011 கணக்குப்படி பத்தரை இலட்சம் பேர் இருந்தனர். 1952-ல் இயற்றிய சட்டம் ஒன்று சுற்றுப்புற வயல்களைக் காக்க முயன்றது. ஆயினும் மொஹாலி, பஞ்ச்குலா என்று பக்கத்து நகர்கள் ஒட்டி வளர்ந்தன. 1 முதல் 30 வரையுள்ள பழைய செக்டர்களில் தனி வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து அடுக்ககமாக்குவதை உச்சநீதிமன்றம் 2023 ஜனவரியில் தடுத்தது. பழைய அமைப்பைக் காப்பது முறையே. ஆனால் உள்ளே இடமில்லாதவர் வெளியே குடியேறி, நாள்தோறும் வண்டியில் வருவர். நிழல் உள்ளிருப்போருக்கும் புகை எல்லோருக்குமாக நேர்ந்துவிடலாகாது. நல்ல பேருந்தும், வேலை செய்யும் இடத்துக்கு அருகே குறைந்த வாடகை வீடும் இல்லாமல், மரங்களால் மட்டும் ஒரு நகரம் பசுமை நகரமாகிவிடாது என்பது என் கருத்து.

இந்த நகரின் மிகச் சிறந்த விமரிசனத்தைச் சொல்லால் அன்றிக் கையால் செய்தவர் நேக் சந்த். சாலை மேற்பார்வையாளரான அவர், நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசல்களையும் பீங்கான் ஓடுகளையும் பொறுக்கி, யாரும் அறியாமல் பல ஆண்டுகள் உழைத்து ஒரு கல் தோட்டம் படைத்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. திட்டம் கழித்த பொருளே நகரின் பெருமையாயிற்று!

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

படிப்பு முடிந்து ஊர் திரும்பும் நம்மில் பலர் வீடு கட்டுவோம். சிலர் ஊரையே திட்டமிடும் பதவியில் அமரவும் கூடும். அப்போது சண்டிகரின் உருவத்தைப் பெயர்த்துக்கொண்டு போகலாகாது. சென்னை 13 பாகையில் உள்ளது. அங்கே ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆகவே வடக்குச் சன்னலுக்கும் நிழல் வேண்டும். குளிருக்காக வெயிலை உள்ளே அழைக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. கடற்காற்று ஈரமானது, கூலர் பயன் தராது, காற்றோட்டமே பயன் தரும். கனத்த கான்கிரீட்டைவிட, நான்கு புறமும் தாழ்ந்து நீண்ட சாய்ப்பும், திண்ணையும், முற்றமும் அந்த வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தியவை. நம் முன்னோர் முக்கோணவியல் எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் விடையை அறிந்திருந்தார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியது முறை. முதலில் சூரியனைப் பார். பிறகு காற்றைப் பார். நீர் ஓடும் வழியை அடைக்காதே. நடந்து செல்வோனுக்கு முதலிடம் கொடு. இந்த நான்கையும் சண்டிகர் நமக்குக் கற்பிக்கிறது. கட்டுகிறவன் எங்கே குடியிருப்பான் என்று முதலிலேயே கேள் என்னும் ஐந்தாவதை, அது தன் குறையால் கற்பிக்கிறது. நண்பர்களே, ஐந்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டு ஊர் திரும்புவோம்!