பேச இயலாத மாணவருக்கு மொழிக் கல்வி

பேச்சும் மொழியும் ஒன்றே எனக் கருதுவது நம்மிடையே வேரூன்றிய பழக்கம். மூளை முடக்குவாதத்தால் நாவும் உதடும் வசப்படாத ஒரு குழந்தை, பிறர் கூறுவதை நன்கு புரிந்துகொள்ளக்கூடும். சொல்ல விழைவதும் அக்குழந்தையிடம் நிரம்ப இருக்கலாம். அது வெளிவர வழிதான் இல்லை. படம், எழுத்து, சைகை, மின்னணுக் கருவி ஆகியவற்றின் வாயிலாக அவ்வழியை அமைப்பதே துணை, மாற்றுத் தொடர்பு முறை எனப்படுகிறது.

1971-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேச இயலாத குழந்தைகளுக்குப் பிளிஸ் என்பாரின் குறியீடுகளைக் கற்பித்தது இத்துறையில் ஒரு திருப்பம். நம் நாட்டில், மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் மைசூரு மானசகங்கோத்ரியில் இயங்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதற்கான வல்லுநர்களை உருவாக்கி வருகிறது. சென்னையில் 1985-இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் அமைப்பின் ஒத்துழைப்புடன் உருவான 'ஆவாஸ்' கருவி, தொட்ட படத்தைக் குரலாக ஒலிக்கச் செய்தது.

கருவி கிடைத்தவுடன் மொழி வந்துவிடுவதில்லை. பெரும்பாலான பலகைகளில் தண்ணீர், சோறு, கழிப்பறை எனப் பெயர்ச்சொற்களே காணப்படும். இவற்றைக் கொண்டு ஒரு மாணவன் தேவையைக் கேட்கலாம். கருத்துக் கூற இயலாது. ஏன், எப்போது, இன்னும், வேண்டாம், பிடிக்கவில்லை போன்ற சொற்கள் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும். மறுத்துப் பேச வழியற்றவனுக்கு உரையாடல் ஏது?

தமிழில் மற்றொரு சிக்கலும் உண்டு. 'தம்பி', 'நாய்', 'கடி' என்னும் மூன்று படங்களை மாணவன் தொடுகிறான். நாய் தம்பியைக் கடித்ததா, கடிக்கப் போகிறதா, அல்லது தம்பிதான் நாயைக் கடித்தானா? ஆங்கிலத்தில் எது எழுவாய் என்பதைச் சொல்வரிசையே பெரும்பாலும் காட்டிவிடும். தமிழில் 'ஐ' உருபு அப்பணியைச் செய்கிறது. எனவே வேற்றுமை உருபுகளும் காலம் காட்டும் குறிகளும் இல்லாத பலகை, பெயர்த்துக் கொணர்ந்த அயல்நாட்டுப் பலகையே. கன்னடத்திற்கும் இது பொருந்தும்.

இலக்கணத்தைச் சூத்திரமாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பேசும் குழந்தை பேசுவோரைக் கேட்டுக் கற்கிறது. அதுபோல, ஆசிரியர் தாம் பேசும்போதே மாணவனின் பலகையில் உரிய படங்களைத் தொட்டுக் காட்டிவர வேண்டும். பதில் வரக் காத்திருக்கும் பொறுமையும் தேவை. படம் காட்டினால் வரவிருக்கும் பேச்சும் நின்றுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை.

படங்கள் எத்தனை இருப்பினும், பலகை அமைத்தவர் நினைத்த சொற்களே அவற்றில் இருக்கும். எழுத்தறிந்தவனுக்கே எச்சொல்லும் வசமாகும். 247 எழுத்துகளை ஒரு பலகையில் அடைப்பது அரிது, அது தேவையுமில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 கட்டங்கள் போதும். 'க்' தொட்டு 'இ' தொட்டால் 'கி'. பெயர்களுக்காக ஜ், ஷ், ஸ், ஹ் சேர்த்தாலும் 35 கட்டங்களே. கை நீளாத மாணவனுக்கு, ஆசிரியர் வரிசை வரிசையாகச் சுட்ட, அவன் கண்ணசைவால் தேர்ந்தெடுக்கலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தனது 17-ஆம் பிரிவில் இத்தகைய முறைகளை ஊக்குவிப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. உதவி உபகரணங்கள் வழங்கும் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் உபகரணங்களை எண்ணிக் கணக்குக் காட்டுவது எளிது. ஒரு சிறப்பாசிரியர் ஒரு மாணவனுடன் செலவிடும் மணிநேரத்தை எண்ணுவது கடினம். நிதி ஒதுக்கீடு இயல்பாகவே எண்ணத்தக்கதன் பக்கம் சாய்கிறது. அட்டையில் ஒட்டிய படப் பலகைக்குச் செலவு மிகக் குறைவு. இதில் உண்மையான செலவு பயிற்றுவிப்போரின் காலமே என்பதைத் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, அலுவலர்கள் பள்ளிகளைப் பார்வையிடும்போது கேட்கத்தக்க கேள்வி ஒன்றுண்டு: மாலையில் பள்ளி முடிந்தபின் அப்பலகை எங்கே இருக்கிறது? அலமாரியில் வைத்துப் பூட்டப்படுகிறது என்றால், மறுநாள் காலைவரை அம்மாணவன் வாய் மூடப்பட்டிருக்கிறான்.