களைத்த உடலும் மூச்சுத் தசைகளும்

மூச்சு விடுவதும் ஒரு வேலையா என்று கேட்போர் உண்டு. உறங்கும்போதும் தானே நடைபெறும் செயலாதலின், அதற்கு உழைப்புத் தேவை என்னும் எண்ணமே நமக்கு எழுவதில்லை. ஆயினும் மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 முறை மூச்செடுக்கிறார். ஒவ்வொரு முறையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்துள்ள உதரவிதானம் என்னும் தசை சுருங்கிக் கீழிறங்குகிறது, விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகள் நெஞ்சுக் கூட்டை உயர்த்துகின்றன, காற்று உட்புகுகிறது. நுரையீரல் தானாக விரிய வல்லதன்று. கொல்லனின் துருத்தியை இழுக்கும் கை போன்றவை இத்தசைகளே. கால் சோர்ந்தால் திண்ணையில் அமரலாம். இவற்றுக்கோ ஓய்வு நாள் என்பது இல்லை.

நோயுற்றோரைக் காண இல்லங்களுக்குச் செல்லுங்கால் நாம் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்றுண்டு. "சாமி, எல்லாச் சோதனையும் பார்த்தாயிற்று, ஒரு நோயும் இல்லை என்கிறார்கள். ஆனாலும் இவள் படுத்தே கிடக்கிறாள்" என்பார் மாமியார். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். குளித்து வந்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். பாடற்குழுவில் உரக்கப் பாடியவர் ஒரு வரியை முடிப்பதற்குள் இருமுறை மூச்செடுப்பதையும் கண்டிருக்கிறோம். 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் இத்தகையோர் உலகெங்கும் பெருகினர்.

இந்நோய் புதியதன்று. 1955இல் இலண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர் இருநூற்றுக்கு மேற்பட்டோர் ஒருசேர நோயுற்றனர். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. பலருக்குக் களைப்பும் தசை வலியும் நீடித்தன. மையால்ஜிக் என்செபலோமைலைட்டிஸ் என்னும் நீண்ட பெயர் அதன்பின் வழக்கிற்கு வந்தது. 1970இல் மனநல மருத்துவர் இருவர், அது கூட்டு மனக்கிளர்ச்சியே என எழுதினர். அந்த எழுத்தின் நிழல் நெடுங்காலம் நோயாளரைத் தொடர்ந்தது. 1988இல் அமெரிக்காவில் நாள்பட்ட களைப்பு நோய் என்ற பெயர் வகுக்கப்பட்டது; 2015இல்தான் அந்நாட்டின் மருத்துவக் கழகம், இது உடலைத் தாக்கும் கடும் நோயே என்று அறுதியிட்டு உரைத்தது.

இதன் தனி அடையாளம் ஒன்றைக் குடும்பத்தார் நன்கு அறிதல் வேண்டும். உழைத்த அப்பொழுதே அன்று, மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடல் வீழ்ந்துவிடும். திங்களன்று உறவினர் திருமணத்தில் சிரித்துப் பேசியவர், புதனன்று எழ இயலாமல் கிடப்பார். "அங்கே நன்றாகத்தானே இருந்தாய்?" என்னும் கேள்வி அவரை எவ்வளவு புண்படுத்தும்! நாளுக்கு நாள் உடற்பயிற்சியைக் கூட்டினால் நோய் தீரும் என்றே மருத்துவ உலகும் ஒருகாலத்தில் நம்பியது. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2007இல் அவ்வாறே பரிந்துரைத்தது. அதனால் நிலை மோசமடைந்தது என நோயாளர் பலர் முறையிட்டனர். 2021இல் அந்நிறுவனமே அப்பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இப்பின்னணியில்தான் மூச்சுத் தசைப் பயிற்சியை எடைபோட வேண்டும். கைக்கடக்கமான சிறு குழல் ஒன்று. உள்ளே சுருள்வில் தாங்கும் ஓர் அடைப்பு. குறித்த அழுத்தத்தோடு காற்றை உள்ளிழுத்தால்தான் அடைப்புத் திறக்கும், வெளிவிடுகையில் தடையில்லை. எடை தூக்குவோர் புயத்தை வலுப்படுத்துவது போன்றதே இது. 1976இல் லீத், பிராட்லி என்னும் ஆய்வாளர் இருவர், நலமுள்ளோரின் மூச்சுத் தசைகளும் ஐந்தே வாரப் பயிற்சியில் வலுவேறும் என மெய்ப்பித்தனர். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டெம்ப்சி குழுவினர் மற்றோர் உண்மையைக் கண்டனர்: கடும் உழைப்பில் மூச்சுத் தசைகள் களைத்தால், காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களை உடல் சுருக்கிவிடுகிறது. ஆகவே மூச்சுத் தசை தேறினால் காலும் தேறலாம் அன்றோ?

வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தார் கொரோனாவிலிருந்து மீளும் 281 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டனர். வாரம் மூன்று முறை, இடையிடையே ஓய்வு நாள் விட்டு, எட்டு வாரம் பயிற்சி நடந்தது. மூச்சுத் திணறலும் நெஞ்சுத் தொல்லையும் குறைந்தன. தசை வலு கூடியது. ஆனால் வாழ்க்கைத் தரத்தின் மொத்த அளவில் பயிலாதவரைவிடப் பெரும் வேறுபாடு காணப்படவில்லை. அந்த ஓய்வு நாள்களை நாம் சிறப்பாகக் குறிப்பிட விழைகிறோம். படுத்துக் கிடந்து தளர்ந்த தசையை இப்பயிற்சி தேற்றலாம். நோயின் வேரை அது தொடுவதில்லை. வேரையே அறுக்கும் எனக் கூறிக் கருவி விற்போரை நம்பற்க.

பொதுவாக, ஒருவர் இழுக்கக்கூடிய உச்ச அழுத்தத்தை முதலில் அளந்து, அதில் 30 விழுக்காட்டளவில் தொடங்கி, ஒரு வேளைக்கு முப்பது மூச்சு இழுக்கச் செய்வர். களைப்பு நோயருக்கு அதுவும் மிகுதியாகலாம். ஐந்து மூச்சோடு நிறுத்தி, இரண்டு நாள் பொறுத்திருந்து பார்ப்பதே அறிவுடைமை. உடல் வீழவில்லையெனில் ஆறு ஆக்கலாம். வீழ்ந்தால் அளவைக் குறைப்பதோ பயிற்சியையே விடுவதோ தக்கது. நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால் மருத்துவருக்கும் உதவும். நெஞ்சறையில் காற்றுக் கசிந்த வரலாறு உடையோர், செவிப்பறை கிழிந்தோர், அண்மையில் அறுவை மருத்துவம் பெற்றோர் ஆகியோர் மருத்துவர் இசைவின்றித் தொடவே கூடாது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய மூன்று பந்துக் கருவி பல வீட்டு அலமாரிகளில் இருக்கும். அது நீண்ட மூச்சிழுத்து நுரையீரலை விரிக்கப் பயன்படுவது. அளந்த தடை அதில் இல்லை. பிராணாயாமமும் வேறு, அது மூச்சின் நடையை ஒழுங்குபடுத்துவது. தசைக்கென அமைந்த குழலை வாங்குவோர் ஒருவருக்கு ஒன்றாக வைத்துக்கொள்க. வாய்ப்பகுதியைச் சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. காய்ச்சலடிக்கும் நாளிலும், விருந்தோ பயணமோ முடிந்த மறுநாளிலும் அது அலமாரியிலேயே இருக்கட்டும், "இன்று ஏன் செய்யவில்லை?" என்று வீட்டார் எவரும் கேட்க வேண்டா.